பதில் சலாம்

பாலிஹானிஸ், மேயோ ஜில்லா,
அயர்லாந்து
15 நவம்பர் 1998

அன்புள்ள சாயிமா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வாஜித் மச்சானும் நிலோஃபரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நான் சுகம். நலம் விசாரிப்பது இத்துடன் முடிந்தது. இனி வருவதெல்லாம் கோபம், உட்கார்ந்து படி.

வாப்பாவின் கடிதம் வந்தது. தாமுவேயில் அவரோடு ஒருத்தரும் பேசுவதில்லையாம். முடிவெட்டுகிற இப்ராஹிம் காக்கா, வாப்பா போய் நின்றால் கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து விடுகிறாராம். கல்யாணப் பத்திரிகை இந்தப் பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்கும் வருகிறது, நடுவில் இருக்கிற வாப்பா வீட்டுக்கு வருவதில்லை. டீக்கடையில் காசு வாங்காமல் எல்லா மேசையிலும் ஒரு பிளாஸ்க் வெறும் தேத்தண்ணி வைப்பார்களே, வாப்பா உட்கார்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். ரங்கூனில் பிச்சைக்காரனுக்கும் அந்தத் தண்ணி உண்டு. நம் வாப்பா சாதிக் பாட்சாவுக்குக் கிடையாதா?

மூன்று வருஷமாக நடக்கிறதாம். நீ ஒரு வரி எழுதவில்லை. எழுதாதது போகட்டும், நீயும் அவர்களோடு சேர்ந்து கொண்டாய் என்று வாப்பா எழுதியிருக்கிறார். போன நோன்பில் ஒருநாள்கூடக் கஞ்சி அனுப்பவில்லை, பெருநாளன்று வாசலை மிதிக்கவில்லை. நீ இருக்கிற ஷ்வேப்யிதா என்ன அரபு நாட்டிலா இருக்கிறது? ஒரு லைன் கார் பஸ் ஏறினால் தாமுவே.

இதற்கு ஒரு வார்த்தை உண்டு. பாய்காட். யாரோ இங்கிலீஷ் துரை உட்கார்ந்து செய்த சொல் என்று நினைத்திருந்தேன். அது நான் இருக்கிற இந்த ஜில்லாவில் பிறந்தது. எங்கள் இறைச்சித் தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிற மார்ட்டின் என்பவர் போன ஞாயிற்றுக்கிழமை என்னை மாஸ்க் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். பெரிய கல்வீடு ஒன்றைக் காட்டினார். நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் அதில் கப்பித்தான் பாய்காட் என்று ஒருத்தன் இருந்தானாம். ஒருநாள் அவன் வயலில் வேலை செய்தவர்கள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். சமைக்கிறவள் போனாள், துணி துவைக்கிறவள் போனாள். ஊரில் ரொட்டி விற்கமாட்டேன் என்றார்கள். கொல்லன் குதிரைக்கு லாடம் அடிக்கமாட்டேன் என்றான். தபால் கொண்டுவந்தவனைக்கூட மிரட்டி நிறுத்திவிட்டார்கள். அடி இல்லை, உதை இல்லை. கடைசியில் அவன் ஊரைவிட்டுப் போகும்போது வண்டி ஓட்ட ஒரு ஆள் வரவில்லை. நோயாளிகளை ஏற்றுகிற பட்டாளத்து வண்டியில் பெண்டாட்டியோடு ஏறிப் போனானாம். அவன் பெயரையே இந்தக் காரியத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

மார்ட்டின் இதைத் தன் வீட்டுக் கல்யாணக் கதைபோலச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு வாப்பாதான் கண்ணில் நின்றார். ஒரு மனுஷனை ஊரே சேர்ந்து இப்படிச் செய்ததில் உனக்கு என்ன பெருமை என்று கேட்டுவிட்டேன். வாய்ச்சண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து அவரோடு பேச்சில்லை. அவர் லாரியில் ஏறுவதுமில்லை, மழையில் நடந்துதான் வேலைக்குப் போகிறேன்.

வாப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. அவர் மவுத்தாகும் முன் இந்த ஒதுக்கம் தீரவேண்டும். ஷ்வேப்யிதாவில் இருப்பவர்கள் தாமுவேயில் நம்மோடு ஒரே வரிசையில் குடியிருந்த பழைய லைன் வீட்டு ஜனங்கள்தானே, நீ சொன்னால் கேட்பார்கள். வருகிற நோன்பில் நீ கஞ்சியோடு வாப்பா வாசலில் நிற்கவேண்டும். இல்லையென்றால் எனக்கு லாத்தா இல்லை.

கோபத்தோடும் பாசத்தோடும்,
மாஹிர்


ஷ்வேப்யிதா, யாங்கோன்
3 ஜனவரி 1999

என் அருமைத் தம்பி மாஹிருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது. அதனால் கஞ்சி குடித்து, மஃரிப் தொழுது, அதற்கப்புறம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது கோபப்படத் தடையில்லை.

உன் கடிதம் பிரித்து ஒட்டித்தான் வந்தது. இன்னும் நல்லவேளை, ஊர்க்கதைதான் எழுதியிருந்தாய். அரசாங்க விஷயம் எதுவும் எழுதிவிடாதே. நாங்கள் இங்கே இருக்கவேண்டும்.

ஆமாம், நான் கஞ்சி அனுப்பவில்லை. இந்த நோன்பிலும் அனுப்பவில்லை. யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை தம்பி, நானே யோசித்துச் செய்தேன்.

வாப்பா உனக்கு எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். பிளாஸ்க்கைவிட அது பெரியது. இங்கிருக்கிற ஆண்களும் ஜும்ஆவுக்குத் தாமுவே பள்ளிவாசலுக்குத்தான் போகிறார்கள், அவரும் அங்கே வருகிறார். தொழுகையில் அவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள், வரிசையில் இடைவெளி விடக்கூடாதே. தொழுகை முடிந்து வெளியே வந்து அவர் சலாம் சொல்வார். சலாமுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் பாவம். அதனால் எல்லோரும் சொல்கிறார்கள், உதட்டுக்குள். உதடு அசையும், சத்தம் வராது. பதில் காதில் விழும்படி சொல்லவேண்டும் என்று தொழவைக்கிற லெப்பை கண்டித்தாராம். அல்லாவுக்குக் கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். வாப்பா கொஞ்ச நேரம் நின்று ஒவ்வொரு உதட்டாகப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார் என்று வாஜித் மச்சான் சொல்வார். அவரும் உதட்டுக்குள் சொல்கிறவர்களில் ஒருத்தர்.

உன் கப்பித்தான் கதையை நான் இரண்டு தரம் படித்தேன். நன்றாக எழுதுகிறாய். ரொட்டி, குதிரை, வண்டி எல்லாம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. ஆனால் அவன் என்ன செய்தான் என்று நீ எழுதவில்லையே? வயலில் நின்ற ஜனம் ஒருநாள் காலையில் சும்மா எழுந்து போய்விட்டதா? உன் மார்ட்டினிடம் கேட்டு எனக்கு எழுது. அவரோடு பேச்சில்லை என்கிறாய். லாரியிலும் ஏறமாட்டாயாம். நீ செய்வதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று அவரிடமே கேட்டுப்பார்.

நிலோஃபருக்கு ஆறு வயசு. தமிழில் கேட்டால் பர்மாவில் பதில் சொல்கிறாள். மாமா எப்போது வருவார் என்று மட்டும் தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

உன் லாத்தா (நீ வேண்டாம் என்றாலும்),
சாயிமா


பாலிஹானிஸ்
7 பிப்ரவரி 1999

லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் வாழ்த்து. நான் தொழிற்சாலைப் பையன்களோடு பள்ளிக்குப் போய்விட்டு வந்து தனியாக பிரியாணி ஆக்கி, தனியாகத் தின்றேன். அடிப்பிடித்த பிரியாணி.

உன்னால் மார்ட்டினிடம் போய் நானாகப் பேசவேண்டியதாயிற்று. அந்த மனுஷன், வா என்று கதவைத் திறந்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் டீ போடுகிறார். வெட்கமாக இருந்தது.

கேட்டாயே, இதோ. கப்பித்தான் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரன் இல்லை. சொந்தக்காரப் பிரபு வேறெங்கோ இருந்தான். கப்பித்தான் அவனுடைய ஏஜெண்ட், குத்தகை வாங்கிக் கொடுக்கிறவன். விளைச்சல் கெட்டுப்போன காலம். குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கச் சொன்னார்கள். அவர்கள் கேட்ட அளவு குறைக்க முடியாது என்று, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினான். நோட்டீஸ் கொண்டுபோனவனைப் பெண்கள் சேற்றையும் சாணியையும் அள்ளி வீசித் துரத்தினார்களாம். அதில் ஒருத்தி தன் பாட்டனாருக்குச் சித்தி என்கிறார் மார்ட்டின். இந்த ஜில்லாவில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு சித்தி இருக்கிறாள்.

பிறகுதான் எல்லோரும் வேலையை விட்டார்கள். அவன் வயலில் டர்னிப் கிழங்கு பிடுங்க வடக்கேயிருந்து ஆள் வந்தது, அந்த ஆட்களைக் காக்க ஆயிரம் சிப்பாய் வந்தார்கள். பெயர் வைத்தது ஒரு பாதிரியாராம். இந்த மாதிரி ஒதுக்கி வைப்பதற்கு இங்கிலீஷில் ஒரு நீளமான சொல் இருக்கிறது, அது எங்கள் ஜனங்கள் வாயில் நுழையாது, அவன் பெயரையே வைத்துக்கொள்வோம் என்றாராம்.

போதுமா? எனக்குத் தெரியும் நீ எங்கே வருகிறாய் என்று. வாப்பாவும் ஏஜெண்ட்தான். நகரத்தில் இருந்த வீட்டுக்காரருக்காக லைன் வீட்டில் வாடகை வாங்கினார். அது ஒரு குற்றமா? அவர் யாருக்கு நோட்டீஸ் கொடுத்தார்? ஷ்வேப்யிதாவில் பெரிய மனை கிடைக்கிறது என்று நீங்களே ஆசைப்பட்டுப் போனீர்கள் என்று வாப்பா அப்போதே எழுதியிருந்தார். போன இடம் பிடிக்கவில்லை என்றால் அதற்குக் கிழவரைப் பிடித்துக்கொள்வதா? நான் இல்லாத தைரியத்தில் எல்லோரும் சேர்ந்து அவர்மேல் ஏறி மிதிக்கிறீர்கள். மச்சானும் உதட்டை அசைக்கிறாராமே. பெண் கேட்டு வந்தபோது வாப்பாவிடம் எவ்வளவு சத்தமாகச் சலாம் சொன்னார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மாஹிர்


ஷ்வேப்யிதா
11 ஏப்ரல் 1999

தம்பி மாஹிருக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே வெயில் ஆளைத் தின்கிறது. தண்ணித் திருவிழா வருகிறது. தெருவெல்லாம் வீசி அடிக்கத் தண்ணீர் இருக்கும், குடிக்க மட்டும் நான் வரிசையில் நிற்கவேண்டும்.

மச்சானைப் பற்றி எழுதியிருந்தாயே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வாஜித் மச்சானுக்கு வலது கால் முழங்காலோடு போய்விட்டது. இரண்டு வருஷமாகிறது. அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்க, தாமுவேயிலிருந்து நிம்மதியாகப் போய் வந்தவர், இங்கிருந்து சுபுஹுக்கு முன் கிளம்பி லைன் காரில் தொங்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. ஒருநாள் கை நழுவியது. பின்னால் வந்த வண்டி ஏறிவிட்டது. உனக்கு எழுதவேண்டாம், தூரத்தில் இருக்கிற பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று அவர்தான் தடுத்தார். நீ அவர் சலாமை அளந்துகொண்டிருக்கிறாய்.

ஆசைப்பட்டுப் போனோம் என்று எழுதினாரா? சரி, கேள். நீ போய் இரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் வாப்பா எழுந்து நின்றார். பொன்னுத்துரை அண்ணன் மாதிரி இந்து ஆட்களையும் வாசலில் வந்து நிற்கச் சொல்லியிருந்தார். லைன் வீட்டை இடித்து மாடி கட்டப்போகிறார்கள், ஆறு மாசம் ஷ்வேப்யிதாவில் இருங்கள், கட்டி முடித்ததும் குடும்பத்துக்கு ஒரு ரூம், அதே வாடகைக்கு என்றார். "நான் இருக்கேன்ல? என் பேச்ச நம்புங்க" என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம் ஜனம் அசைந்திருக்காது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தராக வந்து வாப்பா கையில் சாவியைக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். என் தலையைத் தடவி வாங்கிக்கொண்டார்.

எட்டு மாடி எழும்பியது. ஒரு ரூமும் நமக்கில்லை. கீழ்த்தளத்தில் ஒரு வீடு வாப்பாவுக்கு. நான் போய்க் கேட்டேன், உங்களையும் ஏமாற்றிவிட்டார்களா வாப்பா என்று. அப்படித்தான் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டேன். வாப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. அப்புடிச் சொல்லலேன்னா ஒருத்தனும் சாவிய தந்திருக்க மாட்டான்."

பெற்ற மகளுக்கும் அதே பேச்சுத்தான், தம்பி. என் சாவியும் அந்தக் கொத்தில்தான் போயிற்று.

கப்பித்தான் சொந்தக்காரன் இல்லை, ஏஜெண்ட் என்று எழுதும்போது உன் கை நிற்கவில்லையா? ஒன்று மட்டும் சொல்வேன். உன் கப்பித்தான் நோட்டீஸ் கொடுத்தான். வெளியே போ என்று நேராகச் சொன்னான். சேறு வீசவாவது அந்தப் பெண்களுக்கு வழி இருந்தது. எங்களை ஸலவாத்துச் சொல்லி லாரி ஏற்றினார் வாப்பா.

இன்னொன்று. போன வாரம் தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை, தோற்றால் கோலிக்குண்டு தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் ஓடியது. நம் நிலோஃபர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள், "சாதிக் பண்ணாதே" என்று. பர்மாப் பிள்ளைகள் சீனப் பிள்ளைகள் எல்லாம் இந்தத் தெருவில் அப்படித்தான் சொல்கிறார்கள். சொன்ன சொல்லை விழுங்கினால் அதற்குப் பெயர் சாதிக். அது தன் நன்னாவின் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் ஊரில் பாதிரியார் வைத்தார், எங்கள் ஊரில் யார் வைத்தது என்றே தெரியவில்லை.

எங்களுக்கு ரூம் வேண்டாம். அது இனி கிடைக்காது. வாப்பா இங்கே வந்து, அன்றைக்கு முற்றத்தில் சொன்னமாதிரி எல்லோர் முன்னாலும், நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள். மூன்று வருஷமாகக் கேட்கிறார்கள். நம் லைனில் இருந்த ரஹ்மத்துல்லா காக்கா நேரிலேயே போய்க் கேட்டார். வாப்பா கதவைச் சாத்திக்கொண்டார். அவர் உன் பேச்சு ஒன்றைத்தான் கேட்பார். நீ எழுது.

சாயிமா


பாலிஹானிஸ்
20 ஜூன் 1999

லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சானுக்கு என் சலாம் சொல். என்ன எழுதுவது என்று தெரியாமல் அவருக்குத் தனிக் கடிதம் எழுதவில்லை. காலைப் பற்றி எழுதாமல் மறைத்ததற்கு உங்கள் இரண்டு பேர்மேலும் எனக்குக் கோபம். நான் யார் உங்களுக்கு? பெருநாளுக்குப் பெருநாள் கார்டு போடுகிறவனா?

வாப்பாவுக்கு எழுதிவிட்டேன். எழுதிக் கிழித்து, மறுபடி எழுதினேன். நீ நம்பமாட்டாய் என்பதால் எழுதியதை அப்படியே தருகிறேன். "வாப்பா, நீங்கள் சொன்னது பொய். தெரிந்தே சொன்ன பொய். ஷ்வேப்யிதாவுக்குப் போய், அவர்கள் எல்லோர் முன்னாலும், உங்கள் வாயால் அதைச் சொல்லுங்கள். சொல்லும்வரை எனக்கு எழுதவேண்டாம்." பெற்றவருக்கு இப்படி எழுதிய பிள்ளை நானாகத்தான் இருப்பேன். உனக்கு இப்போது திருப்தியா?

மார்ட்டினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கப்பித்தானுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அந்தப் பெயரைச் சுமக்க இந்த ஊரில் யாரும் மிஞ்சவில்லை, அதனால் எங்களுக்குச் சிரிப்பது சுலபம் என்றார். நான் இந்தப் பக்கத்திலும் இல்லை, அந்தப் பக்கத்திலும் இல்லை. வாப்பா பாவம் என்று நினைத்தால் மச்சான் கால் ஞாபகம் வருகிறது. மச்சான் காலை நினைத்தால், பிளாஸ்க் இல்லாத மேசையில் வாப்பா உட்கார்ந்திருக்கிறார்.

மாஹிர்


ஷ்வேப்யிதா
8 ஆகஸ்ட் 1999

என் தம்பிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். வாப்பா வந்தார். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, நல்ல மழை. தேய்த்த கைலி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. பாதியாக இளைத்துவிட்டார். தெருமுனையில் பொன்னுத்துரை அண்ணன் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். அண்ணன் வந்து மேசையிலிருந்த பிளாஸ்க்கை எடுக்கக் கை நீட்டியவர், வாப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் போனார். செய்தி தெரிந்து தெருவே கூடிவிட்டது. வாஜித் மச்சான் கட்டையை ஊன்றி வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார். நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஓரமாக நின்றேன். தம்பி, சொல்லிவிடப் போகிறார், இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுவிடலாம் என்று, பானையில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன்.

வாப்பா சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். என்னிடம் நீட்டினார். "நீ படிம்மா. தம்பி எல்லாத்தையும் எழுதியிருக்கான். எல்லாரும் கேட்டுக்கட்டும்."

உன் கையெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. "தம்பி எழுதுனது எனக்குத் தெரியும் வாப்பா. நீங்க சொல்லுங்க" என்றேன்.

எழுந்து நின்றார். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். உதடுகள் அசைந்தன. சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மழைச் சத்தம்தான் கேட்டது. அப்புறம், மேலிடத்தில் சொன்னதைத்தான் நானும் சொன்னேன், என் கையில் என்ன இருந்தது என்றார். மச்சான் கட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவர் பின்னால் ஒவ்வொருத்தராகப் போனார்கள். வாப்பா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். குடையை மறந்துவிட்டார். நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். வண்டி கிளம்பிவிட்டது.

சாயிமா


பாலிஹானிஸ்
5 செப்டம்பர் 1999

சாயிமா,

நெஞ்சு நோயாளியை மழையில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். பாதி வழி வந்தாரே, மீதி வழியை நீ வந்திருக்கக் கூடாதா? கடிதத்தைப் படித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அதில் இருந்தது உண்மைதானே? அவர் வாயால்தான் வரவேண்டும் என்று நின்றாயே, அது நியாயம் இல்லை, பிடிவாதம். கப்பித்தானை ஒதுக்கியவர்கள்கூட அவன் சொந்த வீட்டு ஆளைக் கொண்டு அதைச் செய்யவில்லை.

எனக்கு இனி எழுதவேண்டாம்.

மாஹிர்


ஷ்வேப்யிதா
16 ஜனவரி 2000

அன்புத் தம்பி மாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எழுதவேண்டாம் என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது. வாப்பா நோன்பு இருபத்தேழில் மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து கைகால் கழுவி ஒளூச் செய்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். தந்தி கொடுக்கச் சொன்னேன், உனக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. மார்ட்டின் பக்கத்தில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் பயம் எனக்குத் தெரியும். சந்தூக்குப் பெட்டி தூக்க ஆள் வந்ததா என்றுதானே? எனக்கும் அதே பயம். பட்டாளத்து வண்டியில் ஏறிப்போன கப்பித்தானை நினைத்துக்கொண்டேதான் தாமுவேக்குப் போனேன். அங்கே இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். ஷ்வேப்யிதாவிலிருந்து வண்டி பிடித்து வந்திருந்தார்கள். இப்ராஹிம் காக்கா குளிப்பாட்டினார். ரஹ்மத்துல்லா காக்கா சந்தூக்கின் முன்கால் பிடித்தார். நான் அழுதுகொண்டே அவர் கையைப் பிடிக்கப் போனேன். "ஜனாஸா அல்லாவோட கடன், தாயி. அத சாதிக் பாட்சா கணக்குல சேர்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தூக்கினார். தொழுதார்கள், அடக்கினார்கள், ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டார்கள். எந்தக் குறையும் வைக்கவில்லை. ஒருத்தரும் எனக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கத்தம் ஓதுவதற்கு ஆக்கிய சோறு தின்ன ஆளில்லாமல் அப்படியே இருந்தது, அக்கம்பக்கத்துப் பர்மாக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

உன் கடிதம் வாப்பாவின் தலையணைக்குக் கீழே இருந்தது. மடிப்பு கிழிந்து போயிருந்தது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மீதி வழியை நான் வந்திருக்கலாம்தான். ஆனால் அந்தத் தெருவில் நான் ஒருத்தியா இருக்கிறேன்? நான் படித்திருந்தால் அது என் மன்னிப்பாக மட்டும் இருந்திருக்கும், மச்சான் முகத்தில் நான் எப்படி விழிப்பது? எனக்கு இன்னும் வாப்பாமேல் கோபம் போகவில்லை. மையித்தாகக் கிடந்த முகத்தைப் பார்த்தும் போகவில்லை. அழுகையும் வருகிறது, கோபமும் வருகிறது, இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறேன். சாதிக் என்று சொல்லாதே என்று நிலோஃபரிடம் சொன்னேன். அவள் நிறுத்திவிட்டாள். தெரு நிறுத்தவில்லை.

இப்போது எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. பெருநாள் முடிந்த மறுநாள் சைதா மாமி மவுத்து, ரஹ்மத்துல்லா காக்காவின் மாமியார். நம் லைனில் கோடி வீட்டில் இருந்தார்களே, அவர்கள்தான். மறுபடி எல்லா ஆண்களும் மையவாடிக்குப் போனார்கள். மையவாடி வாசலில் நுழையும்போது அங்கே அடங்கியிருக்கிற எல்லோருக்கும் சலாம் சொல்லவேண்டுமே, சொன்னார்கள். சத்தமாக, கூட்டத்தோடு. அதில் வாப்பா ஒருத்தரை மட்டும் விட்டுவிட்டுச் சொல்ல வழியில்லை. சொல்லி முடித்ததும் எல்லோருக்கும் அது உறைத்துவிட்டதாம். புது மண்ணாகக் கிடந்த வாப்பாவின் கப்ரைத் திரும்பிப் பார்த்தார்களாம். கப்ரில் இருப்பவர்கள் சலாமுக்குப் பதில் சொல்வார்கள், நமக்குத்தான் கேட்காது என்று லெப்பை ஓதிக்கொடுத்திருக்கிறார் அல்லவா? மச்சான் வீட்டுக்கு வந்து கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே உதட்டுக்குள்ள சொல்ற மொற அவருது."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு வருஷத்தில் அவர் வாப்பாவுக்காக அழுததை அன்றுதான் பார்த்தேன்.

தம்பி, உன் போன கடிதத்தில் சலாம் இல்லை. லாத்தா என்றும் இல்லை. நீ வேண்டுமென்று விட்டாயோ, கோபத்தில் மறந்தாயோ, நான் கேட்கப்போவதில்லை. இந்தக் கடிதத்தின் மேலே நான் சலாம் எழுதியிருக்கிறேன். பதில் உன்மேல் கடமை. எழுதினாலும் சரி, வந்தாலும் சரி, எனக்குக் கேட்கும்படி சொல்.

சாயிமா